நல்ல தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை சரவணம்பட்டியிலும் அதைச் சுற்றியும் எழும்பிவரும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில், மாநகராட்சிக் குழாய் வழியே வரும் பில்லூர் நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒரே தரைத்தொட்டியில் விடப்பட்டு, ஒன்றாகவே மாடிக்கு ஏற்றப்படுகின்றன. பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, கீசர் ஆண்டுக்கு ஒருமுறை பழுதாகிறது, குளியலறை ஓடுகளில் படியும் வெள்ளைப் படலம் அமிலம் ஊற்றித் தேய்த்தாலும் போகவில்லை என்று குடியிருப்போர் கூட்டங்களில் எழும் குறைகளில் பெரும்பகுதி இந்த ஒரு வழக்கத்தால் வருவது. ஆனால் அந்தக் கூட்டங்கள் எந்தச் சுத்திகரிப்புக் கருவியை வாங்குவது என்ற பேச்சோடு முடிந்துவிடுகின்றன. கலக்காமல் இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும் என்பதை உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

கோவைக்கு வாய்த்த மேற்பரப்பு நீர் மிக நல்ல நீர். பாலக்காடு மாவட்டக் காடுகளுக்குள் இருக்கும் சிறுவாணி அணையிலிருந்தும், பவானி ஆற்றின் குறுக்கே உள்ள பில்லூர் அணையிலிருந்தும் வருவது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநீர். அது மண்ணிலும் பாறையிலும் நெடுங்காலம் தங்காமல் ஓடிவருவதால் அதில் கரைந்த உப்புகள் குறைவு. நிலத்தடி நீரின் கதை வேறு. மழை மறைவுப் பகுதியான நம் நகரில் விழும் குறைந்த மழை, மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு மெல்ல இறங்கி, பாறை வெடிப்புகளில் பல ஆண்டுகள் தங்கி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. நகரின் தெற்கே மதுக்கரையில் 1934-இல் சிமெண்ட் ஆலை அமைந்ததற்குக் காரணமே அங்கு கிடைத்த சுண்ணாம்புக்கல்தான் என்பதை நினைத்தால், இந்த மண்ணின் இயல்பு விளங்கும். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. குறை சொல்ல வேண்டியது, நல்ல நீர் கையில் வந்த பிறகும் அதை நாமே கெடுத்துக்கொள்வதைத்தான்.

நம் ஊரின் பழைய தனி வீடுகளில் இந்தத் தவறு நடந்ததில்லை. நல்ல தண்ணீருக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாய் என்று பிரித்தே வைத்திருந்தார்கள். குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணி நீர். துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் வாசல் தெளிக்கவும் கிணற்று நீர். எந்தக் குழாயில் எது வரும் என்பது வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. அடுக்குமாடிகளைக் கட்டுவோர் ஒரு தொட்டி, ஒரு மோட்டார், ஒரு குழாய்த் தடம் என்று செலவைச் சுருக்கியபோது இந்தப் பிரிவினை கைவிடப்பட்டது. வீடு வாங்குவோரும் வாகன நிறுத்தத்தையும் மின்தூக்கியையும் பற்றிக் கேட்ட அளவுக்குத் தண்ணீர்த் தடத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

கலப்பதால் என்ன ஆகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கடினத்தன்மை (நீரில் கரைந்த கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு) உள்ள குழாய் நீர் 100 லிட்டரும், 900 மில்லிகிராம் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் 300 லிட்டரும் ஒரே தொட்டியில் சேர்வதாக வைத்துக்கொள்வோம். கலவையின் கடினத்தன்மை 690-ஐ நெருங்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், 600-ஐ உச்ச அளவாகவும் வைத்திருக்கிறது. இந்த 600 என்பது வேறு நீராதாரம் இல்லாத இடங்களுக்கு மட்டுமே அளிக்கப்பட்ட சலுகை. பில்லூர் நீர் வாசலுக்கே வரும் குடியிருப்பு அந்தச் சலுகைக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. மேலே சொன்ன கலவையோ அந்தச் சலுகையையும் தாண்டிவிடுகிறது.

இப்படிக் கலந்த நீரை ஒவ்வொரு வீட்டிலும், சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. கருவியில் விட்டு மீண்டும் பிரிக்கிறோம். வீட்டுக் கருவிகள் ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. அதாவது, மலையிலிருந்து குழாய் வழியே இவ்வளவு தூரம் வந்த நல்ல நீரின் பெரும்பகுதியை, நாமே சேர்த்த உப்போடு சேர்த்துச் சாக்கடையில் விடுகிறோம். பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத தெருக்களில் அந்தக் கழிவு உறிஞ்சுகுழி வழியாக நிலத்துக்குள் இறங்கி, அடுத்த வீட்டின் ஆழ்துளைக் கிணற்றை மேலும் உப்பாக்குகிறது. கட்டடம் முழுமைக்கும் மென்னீராக்கும் கருவி பொருத்துவோர், அதைப் புதுப்பிக்க மூட்டை மூட்டையாகக் கொட்டும் உப்பும் அதே மண்ணுக்குத்தான் போகிறது. மொத்தக் கரைபொருள் 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டதன் நோக்கமும் இந்த வீணடிப்பைத் தடுப்பதே. பில்லூர் நீர் தனியாக வந்தால் அந்தக் கருவிக்கே வேலை இருக்காது.

கடினத்தன்மையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது நோய்க்கிருமி. மாநகராட்சி நீரில் குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். அது வீட்டுக் குழாயை எட்டும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது தரவிதி. குளோரின் சேர்க்காத நிலத்தடி நீரைப் பல மடங்கு ஊற்றும்போது அந்தச் சிறிய பாதுகாப்பும் கரைந்துபோகிறது. பலரும் வைத்திருக்கும் பேனா வடிவ டி.டி.எஸ். கருவி இதைக் காட்டாது. அது நீரின் மின்கடத்தும் திறனைக் கொண்டு கரைந்த உப்பின் மொத்த அளவை மதிப்பிடுகிறதே தவிர, அதில் எவ்வளவு கால்சியம், எவ்வளவு நைட்ரேட், கிருமி உண்டா இல்லையா என்று சொல்ல அதனால் முடியாது. கழிவுநீர்த் தொட்டிகள் நெருங்கியிருக்கும் இடங்களில் ஆழ்துளைக் கிணறுகளுக்குள் நைட்ரேட் இறங்கலாம். 45 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைட்ரேட் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. கொதிக்க வைத்தாலும் அது போகாது, நீர் ஆவியாகும் அளவுக்கு அடர்த்திதான் கூடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கால்சியமும் மெக்னீசியமும் நஞ்சல்ல. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் வரம்பு எதையும் வகுக்கவில்லை. கடின நீரைக் குடித்தாலே சிறுநீரகத்தில் கல் வரும் என்று அச்சுறுத்தி விற்கப்படும் கருவிகளை நம்பிக் கடன் வாங்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. கடின நீரால் வரும் இழப்பு பெரும்பாலும் பணமும் எரிபொருளும் உழைப்பும்தான். அதுவும் சிறிய இழப்பல்ல.

பில்லூர் நீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது, அது எப்படிப் போதும் என்று கேட்பார்கள். எல்லாத் தேவைக்கும் போதாது. குடிக்கவும் சமைக்கவும் தாராளமாகப் போதும். நாற்பது வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாள்தோறும் 10 லிட்டர் என்றால் 1,600 லிட்டர். ஐந்து நாட்களுக்குச் சேமிக்க 8,000 லிட்டர் கொள்ளும் ஒரு சிறிய மூடிய தொட்டி, ஒரு சிறிய மோட்டார், சமையலறைக்கு மட்டும் ஒரு தனிக் குழாய் போதுமானவை. நாற்பது வீடுகளுக்கு நாற்பது ஆர்.ஓ. கருவிகள் வாங்கி, ஆண்டுதோறும் அவற்றின் சவ்வையும் வடிகட்டியையும் மாற்றும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்குமாறு குடியிருப்போர் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பழைய கட்டடங்களில் சுவரை உடைக்க வேண்டியதில்லை. கழிவுக் குழாய்கள் இறங்கும் இடுக்கு வழியாகவே புதிய குழாயைத் தனியே ஏற்றிவிடலாம். அதுவும் இயலாத இடத்தில், தரைத்தளத்தில் நல்ல தண்ணீருக்கென ஒரு பொதுக் குழாய் அமைத்தாலும் பயன் உண்டு.

புதிய கட்டடங்களுக்கு மாநகராட்சி அனுமதி வழங்கும்போது, மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதைப் போலவே, குடிநீருக்குத் தனித் தொட்டியும் தனித் தடமும் இருப்பதை நிபந்தனையாக்க வேண்டும். பணி நிறைவுச் சான்று தருமுன் அதை நேரில் பார்க்கவும் வேண்டும். வார்டு வாரியாக மாநகராட்சி எடுக்கும் நீர் மாதிரிகளின் முடிவுகள், கடினத்தன்மை, மிஞ்சிய குளோரின், கழிவு கலந்திருக்கலாம் என்று உணர்த்தும் கோலிஃபார்ம் பாக்டீரியா ஆகிய மூன்றையாவது காட்டும் வகையில், மாதந்தோறும் வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிப்பது குடியிருப்போரின் பொறுப்பு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் சோதித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒன்றும் மழைக்குப் பின் ஒன்றுமாகச் செய்து, நைட்ரேட் அளவையும் கேட்டு வாங்க வேண்டும்.

ஏற்கெனவே கட்டி முடித்த குடியிருப்பில் இவ்வாறு தடத்தைப் பிரித்து அமைத்த சங்கங்கள் இருந்தால், ஆன செலவையும் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளையும் இதே பகுதியில் எழுதுமாறு வேண்டுகிறேன். எங்கள் குடியிருப்பில் இதற்கான மதிப்பீடு தயாரிக்கும் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சரவணம்பட்டி, கோயம்புத்தூர்.