கட்டடக் கம்பியில் கத்தியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ‘வீட்டிலேயே கத்தி செய்யலாம்’ கட்டுரையைப் படித்தேன். பிடி போடும் பகுதி அருமை. ஆனால் மிச்சமான கட்டடக் கம்பியைத் தட்டினால் போதும் என்று எழுதியிருப்பது சரியில்லை. அந்தக் கம்பியில் கார்பன் பொதுவாகக் கால் சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கார்பன் குறைந்தால், கடினமாக்க எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கூர் நிற்காது. இரண்டு தேங்காய் மட்டையிலேயே மழுங்கிவிடும்.

எங்கள் பக்கத்துக் கொல்லர்கள் அரிவாளுக்கு லாரி ஸ்பிரிங் பட்டையைத் தேடுவது சும்மா இல்லை. அதில் கார்பன் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். கிரைண்டரில் லேசாகப் பிடித்துப் பாருங்கள். கம்பியில் பொறி நீளமாக, நேராக ஓடும். பட்டையில் நுனி வெடித்துக் கிளை பிரியும். பழைய பட்டை மலிவுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். நான் புதுப் பட்டைத் துண்டுதான் வாங்குவேன்.

காய்ச்சும்போது காந்தம் ஒட்டாமல் போகும் நிலை சுமார் 770 டிகிரி செல்சியஸ். அதற்குச் சற்று மேலே கொண்டுபோய் எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் போட்டால் வெடிக்கலாம். அப்புறம் 200 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைக்காவிட்டால், கீழே விழுந்தாலே உடையும்.

கத்தி வடிவில் வெட்டி வைத்த தகடு வாங்குபவர்கள் எஃகின் ரக எண் என்ன என்று கேட்டு வாங்கட்டும். வெறும் ‘ஸ்டெயின்லெஸ்’ என்றால் பாத்திரம் செய்யும் 304 ஆகவும் இருக்கலாம். அது தோய்ச்சலுக்கு மசியாது.

கட்டுரையில் வேட்டைக்கத்தி என்று வேறு போட்டிருக்கிறீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கும்போது இங்கே ஏது வேட்டை? தோட்டத்துக்கத்தி என்றே போடலாம்.

– ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளி, மானாமதுரை