17 டொலர் கிற்றார்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில், கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசையைப் பாடிய லொரெட்டா லின் பற்றி வந்த கட்டுரை, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள், 15 வயதில் கல்யாணம், பிறகு ஒரே பாட்டில் புகழ் என்று முடித்துவிட்டது. கல்யாணத்துக்கும் அந்தப் பாட்டுக்கும் இடையில் 12 வருடம் கிடக்கிறது. மட்டக்களப்பில் கிற்றார் பழகும் பிள்ளைகளுக்குத் தேவையான பகுதி அதுதான்.

கென்டக்கி மலைக்கிராமத்தில் 1932இல் பிறந்தவர், 1948இல் மணமுடித்து வொஷிங்டன் மாநிலத்துக்குப் போனார். கணவர் வாங்கிக்கொடுத்தது ஹார்மனி என்ற மலிவுக் கிற்றார், விலை 17 டொலர். அதில் தானாகவே பழகி, பாட்டும் எழுதி, தம்பியையும் சேர்த்துக்கொண்டு உள்ளூர் மதுச்சாலைகளில் பாடினார். 1960இல் ஸீரோ என்ற சின்னக் கம்பனி முதல் இசைத்தட்டை வெளியிட்டது. புருசனும் பெண்சாதியும் தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வானொலி நிலையமாக ஏறி இறங்கினார்கள். அறிவிப்பாளர் தட்டைப் போட்டால்தானே பாட்டு வெளியே வரும்! பில்போர்ட் என்ற இசைச் சஞ்சிகையின் கன்ட்ரிப் பாட்டுத் தரவரிசையில் 14ஆம் இடம் கிடைத்தது அப்படித்தான். அந்த ஒக்டோபரிலேயே நாஷ்வில் நகரின் கிராண்ட் ஓல் ஒப்ரி என்ற பேர்பெற்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியின் மேடை.

கிற்றார் மலிவென்பது குற்றமில்லை. பிள்ளைகளை விரட்டுவது கம்பியின் உயரம். உருக்குக் கம்பிக் கிற்றாரில், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளில் 12ஆவதற்கு மேல் தடித்த கம்பி சுமார் 2.5 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கவேண்டும். 4 மில்லிமீற்றர் என்றால் விரல் நொந்து ஒரு மாதத்தில் கிற்றார் அலுமாரிக்கு மேல் ஏறிவிடும். 1 மில்லிமீற்றர் குறைக்க, பிரிட்ஜில் (கம்பிகளை மாட்டும், உடலில் ஒட்டிய மரத்துண்டு) நிற்கும் வெள்ளைச் சாடிலை, அதாவது கம்பிகள் தாங்கி நிற்கும் மெல்லிய துண்டைக் கழற்றி, அடிப்பக்கத்தில் 2 மில்லிமீற்றர் தேய்க்கவேண்டும். மட்டமான பலகையில் அரத்தாளை விரித்துத் தேயுங்கள், அடி கோணலானால் சத்தம் செத்துவிடும். பிரிட்ஜே கிற்றாரின் மேற்பலகையை விட்டுக் கிளம்பியிருந்தால் சாடிலில் கை வைக்கவேண்டாம். முதலில் அதை ஒட்டவேண்டும். சத்தம் காணாதென்று நைலோன் கம்பிக் கிற்றாருக்கு உருக்குக் கம்பி போடுகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது, இழுவை அவ்வளவு கூட. கல்லடிப் பக்கத்து உப்புக்காற்றில் உருக்குக் கம்பி சீக்கிரம் கறள் பிடிக்கும். வாசித்து முடிந்ததும் காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

ஜி, சி, டி என்ற மூன்று கோர்ட்ஸ் (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டும் விரல்பிடிகள்) கைக்கு வந்தால் கன்ட்ரிப் பாட்டுகள் பலவற்றைப் பாடலாம். ஆனால் ஆண்குரலுக்கு அமைத்த சுருதியிலேயே பெண்பிள்ளைகளையும் பாடவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது, தொண்டைதான் கெடும். கம்பிகள் எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்தும் கப்போ என்ற கவ்வியைக் கிற்றாரின் கழுத்தில் இரண்டாவது ஃபிரெட்டில் பூட்டினால், ஜிக்கு வைத்த அதே விரலில் ஏ சுருதி வரும். குரல் எங்கே தாராளமாக நிற்கிறதோ அதுவரை ஒவ்வொரு ஃபிரெட்டாக நகர்த்திப் பார்க்கலாம்.

கிற்றார் ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.