நாவல் அச்சுக்குப் போய்விட்டது, இனி நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் கியோர்க் வில்ஹெல்ம் ஸ்டெல்லரைப் பற்றிய என் நாவல் ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. தனியாக உட்கார்ந்து எழுதினேன் என்றாலும் தனியாகத் தெரிந்துகொண்டது மிகக் குறைவு. அதனால்தான் இந்த மடல்.

ஸ்டெல்லரின் கடல் பயணம் பலருக்கும் தெரிந்த கதை. 1741இல் ரஷ்யக் கடற்படைத் தளபதி விட்டஸ் பெரிங்கின் கப்பலில், ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள கம்சட்காவிலிருந்து அலாஸ்காவுக்குப் போனார். திரும்பும் வழியில் கப்பல் ஆளில்லாத ஒரு தீவில் ஒதுங்கியது. பெரிங் அங்கேயே இறந்தார். உயிர் பிழைத்தவர்கள் பழைய கப்பலைப் பிரித்துச் சிறிய கப்பல் ஒன்று கட்டி, 1742 ஆகஸ்டில் கம்சட்கா வந்து சேர்ந்தார்கள்.

ஸ்டெல்லரின் மனைவி பிரிகிட்டா ஹெலினா என்ன ஆனார் என்றுதான் யாரும் கேட்பதில்லை. சைபீரியாவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துவிட்டு 1735இல் வறுமையில் இறந்த மெஸ்ஸர்ஷ்மிட்டின் விதவை அவர். பிறகு ஸ்டெல்லரை மணந்துகொண்டார். கிழக்கே கூடவே வருவதாக இருந்தவர், மாஸ்கோவுக்கு மேல் வர மறுத்துவிட்டார். புத்தகங்களில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான், அதுவும் குற்றம் சாட்டும் குரலில். ஓர் ஆராய்ச்சியாளரின் மனைவியாக ஏற்கெனவே வாழ்ந்து பார்த்தவர் இன்னொரு முறை யோசித்ததில் என்ன தப்பு? நாவல் முழுக்க நான் கேட்டது இதைத்தான்.

இந்தப் பகுதியை எழுத உதவிய அக்காவுக்கு முதல் நன்றி. உங்கள் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசினீர்கள். பிரிவுத் துயரத்தைப் பற்றி நீங்கள் அதிகம் சொல்லவில்லை. யாரைக் கேட்டு முடிவெடுப்பது, பணம் எப்போது வரும், பழைய கடிதத்துக்குப் புதிய கோபத்தோடு பதில் எழுதலாமா என்பதைத்தான் சொன்னீர்கள். என் பிரிகிட்டா மாஸ்கோவில் கணக்குப் பார்க்கும் அத்தியாயம் முழுவதும் உங்கள் பேச்சிலிருந்து வந்தது.

அடுத்து, ஸ்டெல்லரின் கடல் விலங்குகள் நூலை லத்தீனில் என்னோடு வரிவரியாகப் படித்த பேராசிரியர் ஐயாவுக்கு. ஸ்டெல்லர் இறந்த பிறகு 1751இல் வெளிவந்த நூல் அது. அதில் கடற்பசு என்ற பெரிய கடல்வாழ் பாலூட்டியைப் பற்றி ஓர் இடம் வரும். கொல்லப்பட்ட பெண் பசுவைத் தேடி ஆண் பசு கரைவரை வருகிறது. மறுநாள் காலையிலும் அங்கே நிற்கிறது. மூன்றாம் நாளும் வருகிறது. இதைப் படித்ததும் நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தீர்கள். ஒரு மிருகத்தின் துணைப்பாசத்தை இவ்வளவு கூர்மையாகக் கவனித்த மனிதருக்கு மாஸ்கோவில் ஒரு மனைவி இருந்தார். அன்றுதான் நாவலின் நடு அத்தியாயம் எனக்குப் பிடிபட்டது. அந்தக் கடற்பசு இனமும் 1768க்குள் வேட்டையில் அழிந்துபோனது. மனிதர்கள் முதன்முதலாக அதை விவரித்து முப்பது ஆண்டுகூட ஆகவில்லை.

ஹெல்சிங்கி அருங்காட்சியகத்தில் உள்ள அதன் எலும்புக்கூட்டை எல்லாப் பக்கமிருந்தும் படமெடுத்து அனுப்பிய தம்பிக்கும் நன்றி. முன்னங்கால் துடுப்பில் விரல் எலும்பே இல்லை என்று ஸ்டெல்லர் எழுதியதைப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஸ்கர்வி நோயை விளக்கிய டாக்டருக்கும் கடன்பட்டிருக்கிறேன். வைட்டமின் சி இல்லாவிட்டால் உடம்பின் திசுக்களைப் பிணைத்து வைக்கும் கொலாஜன் என்ற புரதத்தை உடம்பால் சரியாக உருவாக்க முடியாது, அதனால் எப்போதோ ஆறிய காயமும் திறந்துகொள்ளும் என்றார். அதற்கப்புறம்தான் கப்பல் அத்தியாயங்களை என்னால் எழுத முடிந்தது. ரஷ்யாவின் அன்றைய ஜூலியன் நாட்காட்டி இன்று நாம் பயன்படுத்தும் நாட்காட்டியைவிட 11 நாள் பின்தங்கியிருந்ததைக் கணக்கில் கொண்டு ஒவ்வொரு தேதியையும் சரிபார்த்த வரலாற்று ஆசிரியைக்கும் நன்றி. பழைய பயணக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தரும் நூலகங்கள் இல்லையென்றால் எதுவுமே நடந்திருக்காது.

கடைசியாக என் பதிப்பாசிரியருக்கு. ஸ்டெல்லர் 1746இல் சைபீரியாவின் தியுமென் நகரில் 37 வயதில் இறக்கும் இடத்தோடு நாவலை முடித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நீங்கள்தான், "அந்தச் செய்தி அந்த அம்மாவுக்குப் போய்ச் சேர வேண்டாமா?" என்று கேட்டீர்கள். கடைசி அத்தியாயம் பிரிகிட்டாவுடையதானது அந்தக் கேள்வியால்தான்.

புத்தகம் கைக்கு வந்ததும் முதல் படிகள் உங்கள் எல்லோருக்கும் வந்து சேரும். படித்துவிட்டு, பிரிகிட்டாவுக்கு நியாயம் செய்திருக்கிறேனா என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
நாவலாசிரியர்