காரைக்குடி ரயில் நிலையத்தில் சென்னை மெட்ரோ வழிகாட்டிப் பலகை வைக்கக் கோரி மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், சிவகங்கை.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று எங்கள் பக்கத்திலிருந்து பெரிய வைத்தியத்துக்குச் சென்னை போகிறவர்கள் நிறைய. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள், ஐயாவும் அப்பத்தாவும் மட்டும் விடிகாலை பல்லவன் ரயிலில் ஏறி மதியம் எழும்பூரில் இறங்குவார்கள். ஒரு கையில் எக்ஸ்ரே கவர், இன்னொரு கையில் சாப்பாட்டுத் தூக்கு. வெளியே வந்ததும் ஆட்டோவில் கேட்கிற காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், பக்கத்திலேயே மெட்ரோ இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

எழும்பூர் சுரங்க மெட்ரோ நிலையம் 2018-லேயே திறந்தாகிவிட்டது. அங்கே பச்சை வழித்தடத்தில் ஏறினால் அடுத்த நிலையமே சென்ட்ரல், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை அதற்கு எதிரில்தான். ஓமந்தூரார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் சென்ட்ரலில் நீல வழித்தடத்துக்கு மாறி, விமான நிலையம் பக்கம் போகிற வண்டியில் ஏறி, அடுத்ததாக வரும் அரசினர் தோட்டத்தில் இறங்கினால் போதும். லிஃப்ட் இருக்கிறது, முட்டி வலிக்காரர்கள் படி இறங்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் எழும்பூரில் இறங்கிய பிறகு, கூட்டத்துக்கு நடுவில் நின்று படிக்கச் சொன்னால் எழுபது வயதுக்காரருக்கு எப்படி ஓடும்? ஊரிலேயே, வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நிதானமாகப் படித்துக்கொண்டால் தைரியமாகப் போவார்கள். அதனால் காரைக்குடி நிலையத்தின் முதல் நடைமேடையில் ஒரு பெரிய பலகை வைக்க, மதுரை ரயில்வே கோட்டத்துக்கும் மெட்ரோ நிறுவனத்துக்கும் தாங்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மொத்த வரைபடமும் வேண்டாம், கண் குழம்பும். எழும்பூரிலிருந்து இந்த இரண்டு ஆஸ்பத்திரிக்கும் போகிற வழி மட்டும், பெரிய தமிழ் எழுத்தில், பச்சை நீலக் கோடு போட்டுக் காட்டினால் சரி. அப்புறம், உள்ளே போகக் காட்டிய சீட்டையே வெளியே வரும்போதும் கதவில் காட்ட வேண்டும், தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பதையும் கட்டாயம் எழுத வேண்டும்.

பஸ்ஸில் போகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்குகிறார்கள், அங்கே இன்னும் மெட்ரோ வரவில்லை. மாநகரப் பேருந்தில் விமான நிலையம் வந்து நீல வழித்தடத்தில் ஏறினால் வண்டி மாறாமலே அரசினர் தோட்டம் போய்விடலாம். இதைச் சொல்கிற சின்னப் பலகை ஒன்று காரைக்குடி புதிய பேருந்து நிலையத்திலும் வேண்டும். அது மாநகராட்சி இடம், தாங்கள் சொன்னாலே நடக்கும்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரப் பொதுமக்கள்