குதிரையேற்றக் குழு: காலை 6.15 மணிக்கே பிள்ளைகள் வர வேண்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

நம் பள்ளியின் குதிரையேற்றக் குழு வரும் சனிக்கிழமை மீண்டும் தொடங்குகிறது. சவாரி 6.45 மணிக்கு. ஆனால் பிள்ளைகள் 6.15 மணிக்கே மைதானத்தில் இருக்க வேண்டும். தாமதமாக வரும் பிள்ளைக்கு அன்று சவாரி கிடையாது. குதிரைக்குத் தீனி வைக்கவும் உடம்பு தேய்த்துவிடவும் உதவலாம். இந்த விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும். இறுக்கமாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவோம். பத்தடி நடந்ததும் வயிறு தளரும், வாரும் தளரும். அந்த நேரத்தில் பிள்ளை அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்தில்) கால் வைத்தால் சேணம் பக்கவாட்டில் சரிந்து, பிள்ளை குதிரையின் காலடியில் விழும். அதனால் சேணம் போட்டதும் ஒரு முறை, நடத்திவிட்டு ஏறும் முன் ஒரு முறை, ஏறிப் பத்து நிமிடம் கழித்து ஒரு முறை என்று மூன்று தடவை வார் பார்க்கப்படும். வாருக்கும் உடம்புக்கும் நடுவில் விரல்கள் தட்டையாக நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது. அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இந்த வேலைதான். அரைமணி நேரம் கேட்பது இதற்காகத்தான்.

காலணியும் அதே அளவு முக்கியம். அடித்தட்டையான விளையாட்டு ஷூ வேண்டாம். கால் அங்கவடிக்குள் முழுதாக நழுவிப் போய்விடும். விழும்போது கால் மாட்டிக்கொண்டால் குதிரை பிள்ளையை இழுத்துக்கொண்டே ஓடும். அரை அங்குலமாவது குதிகால் உயரமுள்ள, அடிப்பாகம் வழவழப்பான தோல் ஷூ போதும். புதிதாக வாங்கத் தேவையில்லை, பள்ளிச் சீருடை ஷூவே பெரும்பாலும் சரியாக இருக்கும். அங்கவடியின் அகலம் ஷூவைவிட மொத்தமாக ஓர் அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு ஷூ அளவு மாறிக்கொண்டே இருப்பதால் மாதம் ஒரு முறை அளந்து பார்ப்போம்.

ஹெல்மெட்டைப் பள்ளியே தரும். சைக்கிள் ஹெல்மெட், கிரிக்கெட் ஹெல்மெட் எதுவும் ஏற்கப்படாது. சொந்தமாக வாங்க விரும்பினால் உள்ளே இஎன் 1384 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பலமாக ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட் வெளியே புதிதுபோல இருந்தாலும் உள்ளிருக்கும் நுரை நசுங்கியிருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், தம்பி தங்கைக்குக் கொடுக்கக் கூடாது. துப்பட்டா, வளையல், தொங்கும் கம்மல் வேண்டாம். நீண்ட சடையைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள்.

ஒரு பிள்ளை விழுந்தால் எல்லாக் குதிரைகளும் உடனே நிற்கும். பொறுப்பாளர் கையில் எந்தக் குதிரையின் கயிறும் இருக்காது. கையில் ஒரு குதிரையோடு பத்துப் பிள்ளைகளைக் கவனிப்பது யாராலும் ஆகாது. அவர் பிள்ளையிடம் போவார், வேறொருவர் குதிரையைப் பிடிப்பார். கழுத்தோ முதுகோ வலித்தால் தூக்கி நிறுத்தவோ ஹெல்மெட்டைக் கழற்றவோ மாட்டோம், 108-ஐ அழைப்போம். தலையில் அடி என்ற சந்தேகம் வந்தாலே அன்று மறுபடி ஏற்ற மாட்டோம், பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் சரி. வீட்டுக்கு வந்தபின் வாந்தி, குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கம் இருந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். 5-6 வயது, 10 வயது, 16 வயது ஊசிகள் போட்டதற்கான அட்டையின் நகல் வேண்டும். குதிரை கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும். நாய் கடித்தால் மட்டும்தான் வெறிநோய் வரும் என்று நினைக்க வேண்டாம்.

பாசத்தோடு வெல்லம், மிச்சச் சோறு, பொங்கல் கொண்டுவரும் பெற்றோர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. பழக்கமில்லாத மாவுப்பொருள் வயிற்றில் புளித்து வாயு பிடித்தால் உயிருக்கே ஆபத்து. திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, முன்னங்காலால் தரையைச் சுரண்டுவது, படுத்துப் புரள்வது எல்லாம் அதன் அறிகுறிகள். கண்டால் உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

வேடிக்கை பார்க்க வருபவர்கள் வேலிக்கு வெளியே நிற்கவும். குதிரைக்கு வாலுக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் கண் தெரியாது. தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்க வேண்டும். காது பிடரியோடு ஒட்டிப் படிந்திருந்தால் நெருங்கவே வேண்டாம். படபடக்கும் பாலிதீன் பையும் திடீரென விரியும் குடையும் சாதுவான குதிரையையும் மிரள வைக்கும். பைக்கைச் சாலையோரத்திலேயே நிறுத்துங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் சவாரி இருக்காது.

இனி தன்னார்வலர்களுக்கு. குதிரை அனுபவம் தேவையில்லை, பொறுமை தேவை. முதல் நான்கு வாரம் தரையில் நின்று பயிற்சி. பிடிகயிறைக் கையில் ஒருபோதும் சுற்றக் கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும். குதிரை மிரண்டு இழுத்தால் சுற்றிய கயிறு விரலைத் துண்டித்துவிடும். கட்டும்போது கம்பத்தில் நேரடியாகக் கட்டாமல், கம்பத்தில் உள்ள சணல் வளையத்தில், இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும். புதிய பிள்ளை ஏறிய குதிரைக்கு ஒருவர் கயிறு பிடிப்பார், மிகச் சிறிய பிள்ளை என்றால் பக்கத்தில் இன்னொருவர் நடப்பார். ஆள் குறைந்தால் குதிரையையும் குறைப்போம். கயிறு பிடிக்க ஆளில்லாத குதிரை லாயத்திலேயே நிற்கும்.

எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக லாயத்திலோ சேண அறையிலோ இருக்கக் கூடாது. காவல்துறையின் நன்னடத்தைச் சான்று எல்லோருக்கும் கட்டாயம், எனக்கும் சேர்த்து. பிள்ளை சங்கடமாக ஏதாவது சொன்னால் என்னிடம் வாருங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-இலும் பேசலாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அப்படிப்பட்ட செய்தியைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை.

பிள்ளையின் எடையையும் எழுதி அனுப்புங்கள். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 300 கிலோ குதிரை என்றால் 60 கிலோ. அந்தக் கணக்கில்தான் யாருக்கு எந்தக் குதிரை என்று முடிவு செய்கிறோம்.

ஒப்புதல் படிவம், தடுப்பூசி அட்டை நகல், அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள் ஆகியவற்றை வியாழக்கிழமை மாலைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்