அவன் யார் என்பதை விடு, கௌரி

அன்புள்ள கௌரி,

பதில் போடாமல் இருந்ததற்கு நீ திட்டியதெல்லாம் நியாயம்தான். வாங்கி வைத்துக்கொண்டேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மூர்த்தி அப்படியேதான் இருக்கிறான். அவன் திருந்துவான் என்று காத்திருப்பதை நான் விட்டுவிட்டேன், நீயும் விட்டுவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பெண் அனு ராத்திரியெல்லாம் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் பாட்டுகளைக் கேட்கிறாள். நீ வரிகளைத் தேடி எடுத்துப் படித்துப் பார்த்தாய். எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு: அவன் வந்தான், போனான், அம்மணி அழுதாள். ஆகவே அனுவுக்கும் யாரோ ஒருத்தன் இருக்கிறான், ஏதோ நடந்துவிட்டது. இரண்டு பக்கத்தில் குற்றப்பத்திரிகையே தாக்கல் செய்துவிட்டாய். ஹாஸ்டல் டிபன் பாக்ஸ் விசாரணையில் பார்த்த அதே கௌரி!

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. பாதி உலகம் இந்தப் பாட்டுகளை இப்படித்தான் படிக்கிறது. அப்படிப் படிக்கப் பழக்கியதும் ஸ்விஃப்டேதான். 2006-இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 2014-இன் '1989' வரை, ஆல்பத்தோடு வரும் பாட்டுப் புத்தகத்தில் சில எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தாக அச்சிட்டு வைப்பார். அவற்றைக் கோர்த்தால் ஒரு ரகசியச் செய்தி கிடைக்கும். சில செய்திகள் ஆளையே காட்டிக்கொடுக்கும். ரசிகர்களுக்குக் கொண்டாட்டம், பத்திரிகைகளுக்கு அதைவிடக் கொண்டாட்டம். '1989'-இல் அந்தச் செய்திகளை வரிசையாகப் படித்தால் ஒரு சின்னக் கதையாகவே வரும். 2017-இல் 'ரெப்யூட்டேஷன்' வந்தபோது இந்த விளையாட்டை நிறுத்திவிட்டார். ஆனால் கேட்பவர்களுக்குப் பழக்கம் போகவில்லை.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. அகப்பாட்டில் 'சுட்டி ஒருவர் பெயர் கொளப் பெறாஅர்' என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவர்கள் நாம். காதலைப் பாடும்போது இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது என்பது விதி. வேலில் கட்டிய ஒரு வேப்பிலை, அது பாண்டியன் அடையாளம் என்பதற்காக நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டையே புறம் என்றார் உரைகாரர் நச்சினார்க்கினியர். ஸ்விஃப்ட் பாட்டைக் கேட்கிறவர்கள் ஆளாளுக்கு ஒரு வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு அகத்தையெல்லாம் புறமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். பெயரைத் தேடுவதை நிறுத்தினால்தான் அந்தப் பாட்டுகள் எதைப் பற்றியவை என்று தெரியும். காதல் அவற்றில் சங்கப் பாட்டின் கருப்பொருள் மாதிரி, பின்னணிச் சாமான். உரிப்பொருள், அதாவது பாட்டின் உயிரான விஷயம், வேறு: நடந்ததை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லும் உரிமை யாருக்கு. இருபது வருடமாக இந்த ஒன்றைத்தான் அவர் திருப்பித் திருப்பி எழுதுகிறார்.

'ஆல் டூ வெல்' பாட்டை எடுத்துக்கொள். 2012-இன் 'ரெட்' ஆல்பத்தில் ஐந்தாவது பாட்டு, பாடலாசிரியர் லிஸ் ரோஸோடு சேர்ந்து எழுதியது, ஐந்தரை நிமிடம். அதில் வரும் ஸ்கார்ஃபைப் பற்றி ஊரே பேசி முடித்துவிட்டது: யாருடையது, யார் வீட்டில் இருக்கிறது என்று. அதை விடு. அது பாட்டில் எங்கே வருகிறது என்று பார். முதல் சரணத்தில் அவனுடைய அக்காவோ தங்கையோ, அவள் வீட்டில் பாடுகிறவள் அதை மறந்து வைத்துவிட்டு வருகிறாள். இன்னும் அவன் டிராயரில் கிடக்கிறது என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை. பிறகு வெகுநேரத்துக்கு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கார் பயணம், அவன் அம்மா காட்டிய சின்ன வயதுப் படங்கள், நடுராத்திரி ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் ஆட்டம். கடைசியில்தான் திரும்ப வருகிறது. அவளுடைய சாமான்களையெல்லாம் தபாலில் அனுப்பிவிட்டான், ஸ்கார்ஃபை மட்டும் அனுப்பவில்லை. அந்த இடத்தில் பல்லவியைக் கவனி. அதுவரை 'எனக்கு எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது' என்றிருந்தது 'உனக்கு நினைவிருக்கிறது' என்று மாறிவிடும். ஒரு எழுவாய்தான் மாறுகிறது. இதுவரை அவள் ஒருத்தி சொன்ன சாட்சி. இப்போது எதிர்த்தரப்பும் கூண்டில் ஏறியாகிவிட்டது. ஸ்கார்ஃப் தடயப் பொருள், அவ்வளவுதான். யாருடைய கழுத்து என்பது வழக்குக்குத் தேவையே இல்லை.

2021 நவம்பரில் பத்து நிமிட வடிவத்தை வெளியிட்டார். அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் வந்த பாட்டுகளிலேயே நீளமானது அதுதான். அதில் எழுவாய் மாறிய பிறகும் பாட்டு நிற்காது. உனக்கும் வலித்ததா என்று கேட்டுக்கொண்டே போகும். என் தீர்ப்பு: கட்டமைப்பில் பழையதுதான் மேல், அதில் ஒரு வார்த்தையைக் கழற்ற முடியாது. மனசுக்குப் புதியது. அனு இதற்குச் சண்டைக்கு வருவாள், வரட்டும்.

அடுத்து 'ஃபோக்லோர்' ஆல்பம், 2020. இரண்டாவது, எட்டாவது, பதினான்காவது பாட்டுகளை மட்டும் தனியே எடுத்து அடுத்தடுத்துக் கேள். 'கார்டிகன்', 'ஆகஸ்ட்', 'பெட்டி'. மூன்றும் ஒரே கோடையில் நடந்த ஒரே சம்பவம், மூன்று வாய்கள். நம்ம பாஷையில் சொன்னால் தலைவி கூற்று, பரத்தை கூற்று, தலைவன் கூற்று. 'ஆகஸ்ட்' பாடுகிற பெண், தான் காரை நிறுத்தி 'ஏறு' என்று கூப்பிட்டதை நினைவுபடுத்துகிறாள். அவன் ஒருவேளை அழைப்பானோ என்று தன் வேலைகளையெல்லாம் தள்ளிப்போட்டுவிட்டுக் காத்திருந்தவள் அவள். அதே காட்சியை 'பெட்டி'யில் பதினேழு வயது ஜேம்ஸ் சொல்கிறான். அவன் வாயில் அவள், அவனுடைய கெட்ட எண்ணங்களே உருவெடுத்து வந்து நின்ற மாதிரி ஆகிவிடுகிறாள். அவன் ஏதோ நடந்து போய்க்கொண்டிருந்தானாம், கார் வந்து நின்றதாம், அவன் மேல் பிழையே இல்லையாம். ஒருத்திக்கு வாழ்நாள் கோடை, அவனுக்கு ஒரு சாக்கு. மூன்று பாட்டிலும் அவளுக்குப் பெயர் கிடையாது. ஜேம்ஸுக்கு உண்டு, பெட்டிக்கு உண்டு. நம் பரத்தைக்கும் தலைவியின் வாயில் என்ன கிடைத்தது, வசவுதானே?

'கார்டிகன்' இன்னும் நுட்பம். அந்தக் குரல் வருடங்கள் கழித்துப் பேசுகிறது. ஆனால் மூன்றில் அதுதான் முதலில் வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் முதலில் முடிவைக் கேட்கிறோம், கடைசியில் பையனின் மன்னிப்பைக் கேட்கிறோம். அவன் கெஞ்சும்போது நமக்கு ஏற்கெனவே அதன் விலை தெரியும்.

சரி, செய்முறை கேட்டாயே. நீ டைரியை ஒட்டுக்கேட்கிற மாதிரி கேட்காதே, இப்படிக் கேள். முதலில் யார் பேசுகிறார்கள், யாரிடம், அப்போது என்ன வயது என்று மட்டும் குறித்துக்கொள். பிறகு பொருளும் நேரமும். நேரத்தை அவர் கடிகாரம் பார்த்துச் சொல்வார்: 'பிரீத்'தில் இரண்டு மணி, 'மைன்' சண்டை இரண்டரை மணிக்கு, 'லாஸ்ட் கிஸ்'ஸில் ஒன்று ஐம்பத்தெட்டு. நள்ளிரவு என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சாட்சி சொல்கிறவள் மணி சொல்வாள். மூன்றாவது, முதல் கோரஸையும் கடைசி கோரஸையும் பக்கத்தில் பக்கத்தில் வை. எந்தச் சொல் மாறியிருக்கிறதோ அங்கேதான் பாட்டு. இது அமெரிக்காவின் கன்ட்ரி இசைக்காரர்களின் பழைய உத்தி, அவர்கள் ஊரான நாஷ்வில்லில் கற்றது. 'லவ் ஸ்டோரி'யில் (2008) அதுவரை அவள் கெஞ்சிக்கொண்டிருந்த கோரஸைக் கடைசியில் அவன் வாய்க்கு மாற்றி, கூடவே சுருதியையும் ஏற்றிவிடுவார். 'தி லாஸ்ட் கிரேட் அமெரிக்கன் டைனஸ்டி'யில் ரெபெக்கா ஹார்க்னஸ் என்ற பணக்காரப் பெண்மணியின் கதையைப் படர்க்கையில் சொல்லிக்கொண்டே வந்து, அந்த ரோட் ஐலண்ட் வீட்டை வாங்கியது நான்தான் என்று ஒரு வரி. அதோடு 'அவள்' என்றிருந்த கோரஸ் 'நான்' ஆகிவிடும். நான்காவது, பிரிட்ஜ். இரண்டாம் கோரஸுக்குப் பிறகு மெட்டு விலகிப் போகும் இடம். குற்றச்சாட்டோ ஒப்புதலோ அங்கே வரும். மற்ற இடங்களில் அலங்காரம் செய்தாலும் அங்கே செய்ய மாட்டார்.

இவையெல்லாம் முடிந்த பிறகு வேண்டுமானால் வெளியே போய் யார் எவர் என்று தேடிக்கொள். பெரும்பாலும் தேடத் தோன்றாது.

இன்னொரு எச்சரிக்கை. எல்லாப் பாட்டையும் ஒரே தராசில் போடாதே. 2022-இல் நாஷ்வில் பாடலாசிரியர் சங்க விருது மேடையில் அவரே தன் பாட்டுகளை மூன்று பேனாக்களாகப் பிரித்தார்: இறகுப் பேனா, ஊற்றுப் பேனா, மினுமினுக்கும் ஜெல் பேனா. பழைய சொல்லும் மெழுகுவர்த்தியுமாக வருவது முதல் வகை, இன்றைய வாழ்க்கையை உள்ளபடி சொல்வது இரண்டாவது, கும்மாளம் மூன்றாவது. நீ 'ஷேக் இட் ஆஃப்' வரிகளைப் படித்துவிட்டு 'இதில் என்ன இருக்கிறது' என்று கேட்டால், ஒன்றும் இல்லைதான். ஆடுவதற்கு எழுதினது.

நான் ஒரேயடியாகப் பாராட்டுகிறேன் என்று நினைக்காதே. 2024-இல் வந்த ஆல்பம், கூடுதல் பாட்டுகளோடு மொத்தம் முப்பத்தொன்று. பாதியைக் கிழித்துப்போட ஆள் இல்லாமல் போய்விட்டது. அதில் பொருள்கள் வந்துகொண்டே இருக்கும், ஆனால் ஸ்கார்ஃப் மாதிரி திரும்பி வந்து வேலை செய்யாது. உவமை மேல் உவமை. ஒரு வரியில் சொன்னதை நான்கு வரியில் இன்னும் கெட்டிக்காரத்தனமாகச் சொல்லுவார். இந்த இடத்தில் நீ சொல்லும் 'ஒரே பாட்டு' புகாரை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் அதே ஆல்பத்தில் 'கிளாரா போ' இருக்கிறது. மௌனப்பட நடிகை கிளாரா போவைப் போல இருக்கிறாய் என்று ஒரு புதுப்பெண்ணிடம் சினிமாக்காரர்கள் சொல்கிறார்கள். அடுத்த சரணத்தில் ராக் பாடகி ஸ்டீவி நிக்ஸைப் போல. கடைசியில் இன்னொரு பெண்ணிடம்: டெய்லர் ஸ்விஃப்டைப் போல இருக்கிறாய், ஆனால் அவளிடம் இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது. தன் பெயரைத் தானே பழைய சரக்காக்கி வைக்கிறார். இந்தப் பயம் முப்பத்துநான்கு வயதில் வந்ததில்லை. 2012-இல் எழுதி 2021-இல் வெளியான 'நத்திங் நியூ'வில், நான் புதுசாக இல்லாமல் போனால் அப்புறமும் என்னை விரும்புவீர்களா என்று இருபத்திரண்டு வயதில் கேட்டிருக்கிறார். பழைய ஆல்பங்களின் ஒலிப்பதிவு உரிமை கைமாறியபோது அவற்றைத் திரும்பப் பாடி, 2021 முதல் 2023 வரை நான்கை வெளியிட்டாரே, அதற்குப் பணக் கணக்கு இல்லாமல் இல்லை. ஆனால் தன் கதையைச் சொல்லும் உரிமை தனக்கே என்று பாட்டுகளில் காட்டியதைத்தான் கடைசியில் சட்டத்திலும் செய்தார். 2025-இல் மூல ஒலிப்பதிவுகளையும் வாங்கிவிட்டார்.

இனி அனு. அவளுக்குப் பத்தொன்பது வயது, இல்லையா? அதனால் இதைச் சொல்கிறேன். 'டியர் ஜான்' 2010-இல் வந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணோடு இப்படி விளையாடலாமா என்று அவனைக் கேட்கும் பாட்டு, கோபம் முழுக்க அவன் மேல். 2022-இல் 'வுட்'வ், குட்'வ், ஷுட்'வ்' வருகிறது. அதே பத்தொன்பது. இப்போது எழுதுகிறவருக்கு முப்பத்திரண்டு. அவனைத் திட்டுவதோடு நிற்கவில்லை. என் பெண்பிள்ளைப் பருவத்தைத் திருப்பிக் கொடு, அது முதலில் என்னுடையது என்கிறார். பன்னிரண்டு வருடம் கழித்தும் ஆறவில்லை என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன பாட்டு எனக்குத் தெரிந்து அதிகமில்லை. இப்படி ஒன்றைக் கேட்கிற பெண்ணுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை கௌரி. நடக்காமலும் கேட்கலாம். நடந்திருந்தால், சொல்ல வார்த்தை கிடைத்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் நீ 'யார் அவன்' என்று ஆரம்பித்தால் அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

அதற்குப் பதில் இப்படிக் கேள். ஒவ்வொரு ஆல்பத்திலும் ஐந்தாவது பாட்டு மனசை அதிகம் கிழிப்பது என்று ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். பிறகு அவரே தெரிந்து அந்த இடத்துக்குப் பாட்டு வைக்க ஆரம்பித்தார். 'எந்த ஐந்தாவது பாட்டு உனக்குப் பிடிக்கும், ஏன்' என்று அனுவிடம் கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு, உன்னால் முடிந்தவரை. அவள் 'டாலரேட் இட்' என்று சொன்னால் அது உதாசீனத்தைப் பற்றியது, 'யூ'ர் ஆன் யுவர் ஓன், கிட்' என்றால் தனியாக நிற்பதைப் பற்றியது. இரண்டிலும் நீ பயந்த மாதிரி ஒருத்தனைத் தேடித் துரத்த வேண்டிய அவசியமில்லை.

மெனக்கெட்டு எழுதுகிறவளுக்காகப் பதில் போடு. 'பெட்டி'யில் ஜேம்ஸ் கேட்கும் மன்னிப்பை நீ ஏற்பாயா மாட்டாயா என்றும் எழுது. நான் ஏற்க மாட்டேன். மாலதி ஏற்பாள், அவள் எப்போதுமே அப்படித்தான்.

அன்புடன்,
வசந்தி

பி.கு.: மூர்த்தி உன் முகவரி கேட்டான். கொடுக்கவில்லை.