ஒரு பவர் சப்ளை போனதும் மொத்தமாக நின்ற செர்வர்: புகார்

அனுப்புநர்:
நிர்வாகப் பங்குதாரர், சுங்கத் தரகு அலுவலகம், தம்புச் செட்டி தெரு, மண்ணடி, சென்னை - 1.

பெறுநர்:
விற்பனை மேலாளர், செர்வர் வழங்கிய நிறுவனம்.

ஐயா,

எந்தப் பாகம் பழுதானாலும் வேலை நிற்காது, ஓடும்போதே கழற்றி மாட்டலாம் என்று சொல்லித்தான் இந்தச் செர்வரை விற்றீர்கள். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்று போனது. உடனே மற்றதும் அணைந்தது. ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில் பாதியில் நின்று, ஒரு வாடிக்கையாளரின் பெட்டி கட்-ஆஃப் நேரம் தாண்டிக் கப்பலைத் தவறவிட்டது.

வந்து பார்த்த உங்கள் டெக்னீஷியன், "ரெண்டும் ஒண்ணா போறது அபூர்வம் சார்" என்றார். இரண்டாவது பழுதாகவே இல்லை. ஒவ்வொன்றும் 500 வாட். ஆறு டிஸ்க், இரண்டு ப்ராசஸர், ஃபேன் எல்லாம் சேர்ந்து முழு வேலையில் 620 வாட் இழுப்பது செர்வரின் பதிவிலேயே இருக்கிறது. இரண்டும் ஓடும்வரை ஆளுக்கு 310. ஒன்று விழுந்தால் மற்றது மொத்தத்தையும் தாங்க முடியாமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஹார்பரில் இருவர் தூக்கும் மூட்டையில் ஒருவர் கையை விட்ட கதைதான். கொட்டேஷன் போடும்போதே கூட்டிப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு இது.

பிறகுதான் மற்றதையும் பார்த்தோம். இரண்டு பவர் கேபிளும் ஒரே யுபிஎஸ்ஸில். இரண்டு நெட்வொர்க் போர்ட்டும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில். அந்த ஒன்று போனால் இரண்டு இருந்தும் பயனில்லை. மெமரி மட்டும் ஈசிசி, அதாவது சிறு பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் வகை. அந்த அளவுக்குச் சந்தோஷம்.

டிஸ்க் எல்லாம் ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றிலிருந்து அதன் தகவலை மீட்கும் அமைப்பு. ஒன்று போனால் தாங்கும். புது டிஸ்க் போட்டு, அது முழுதாக நிரம்புவதற்குள் இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. 4 டிபி டிஸ்க் நொடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினாலும் ஐந்தரை மணி நேரம் ஆகும். ஆபீஸ் வேலையும் நடந்தால் இன்னும் இழுக்கும். ஆறு டிஸ்கும் ஒரே பேட்சில் தயாரானவை வேறு; அடுத்தடுத்துப் பழுதாகும் அபாயம் அதிகம்.

ஆகவே, தனியாகவே முழுச் சுமையைத் தாங்கும் 800 வாட் பவர் சப்ளை இரண்டை உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். இரண்டாவது கேபிளுக்குத் தனி யுபிஎஸ், இன்னொரு சுவிட்ச் ஆகியவற்றுக்குக் கொட்டேஷன் அனுப்புங்கள். பேக்கப் எடுத்துவிட்டு, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6-க்கு மாற்றுங்கள். அதனால் சேமிப்பு இடம் 20 டிபியிலிருந்து 16 ஆகக் குறைவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

முடிந்ததும், வேலை மும்முரமாக ஓடும் நேரத்தில் எங்கள் எதிரிலேயே ஒரு பவர் கேபிளை உருவிக் காட்டுங்கள். அதுவரை ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) தொகையை நிறுத்தி வைக்கிறோம்.

இப்படிக்கு,
நிர்வாகப் பங்குதாரர்